‘பிரைட்டன் ராக்’ படத்தின் முடிவு சென்சார் வேலையா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. 1947-ல் வந்த பிரிட்டிஷ் குற்றப்படம் ‘பிரைட்டன் ராக்’. அதன் கடைசிக் காட்சியில் இசைத்தட்டு ‘ஐ லவ் யூ’ என்ற இடத்தில் சிக்கி அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. நாவலில் அப்படி இல்லை, சென்சாருக்குப் பயந்து மாற்றிவிட்டார்கள் என்று உங்கள் நண்பர் சொல்கிறார். ஒரு தட்டு அவ்வளவு கச்சிதமாக அந்த மூன்று சொல்லில் போய்ச் சிக்குமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கென்னவோ இவை எல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. ஒன்றரை மணி நேரம் ஈவிரக்கம் இல்லாமல் ஓடிய படம் கடைசி நிமிஷத்தில் நம்மிடம் பொய் சொல்லிவிட்டதோ என்ற உறுத்தல் அது. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் ஒலிப்பதிவுக்காரன். பழைய தட்டுகளில் இருந்து குரலை எடுத்துச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றுவது என் பல வருஷப் பிழைப்பு. தட்டைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கதையையும் கடவுளையும் பற்றிச் சொல்வது ஒரு ரசிகனின் கருத்து, அவ்வளவுதான்.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவைப் பற்றித்தான் பேச்சே என்பதால் அதை மறைக்க வழியில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம், இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்ற உல்லாச ஊர். அங்கே பதினேழு வயசுப் பையன் பிங்கி ஒரு சின்ன ரவுடிக் கும்பலுக்குத் தலைவன். பத்திரிகை ஒன்றின் பரிசுப் போட்டிக்காக ஊர் ஊராகப் போய், கடை கடையாகச் சீட்டு ஒளித்து வைக்கும் ஃப்ரெட் என்ற ஆளை அந்தக் கும்பல் தீர்த்துக்கட்டுகிறது. (இந்தப் போட்டி கற்பனை இல்லை. 1927-ல் ‘வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட்’ பத்திரிகை ‘லாபி லட்’ என்று ஓர் ஆளை இப்படித்தான் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பியது. அடையாளம் கண்டு சொல்பவருக்குப் பணம்.) ஃப்ரெட் சாகவில்லை என்று காட்ட கும்பல் செய்த தந்திரத்தில் ஒரு ஓட்டை விழுகிறது. டீக்கடையில் வேலை பார்க்கும் ரோஸ் என்ற பெண், சீட்டை வைத்துவிட்டுப் போனது ஃப்ரெட் இல்லை என்று தன்னை அறியாமலே தெரிந்து வைத்திருக்கிறாள். அவள் வாயை அடைக்க பிங்கி காதலிப்பது போல நடித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். புருஷனுக்கு எதிராக மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். அதுவும் போதாது என்று தோன்றியதும், ‘சேர்ந்து செத்துவிடலாம்’ என்று பேசி அவளை மட்டும் முதலில் சுட்டுக்கொள்ள வைக்கப் பார்க்கிறான்.

தட்டு வருவது இதற்கு நடுவில். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் கடற்பாலத்துக்குப் போகிறார்கள். காசு போட்டால் நம் குரலைத் தட்டில் பதிந்து தரும் கண்ணாடிக் கூண்டு ஒன்று அங்கே இருக்கிறது. ‘உன் குரல் எனக்கு வேண்டும், ஏதாவது பேசித் தா’ என்று ரோஸ் கெஞ்சுகிறாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறான். நான் ஐ லவ் யூ என்று சொல்ல வேண்டும் என்றுதானே உனக்கு ஆசை என்று ஆரம்பிப்பவன், உன்னைக் கண்டாலே வெறுப்பு, குமட்டுகிறது, ஏன் உன் வீட்டைப் பார்த்துப் போய்த் தொலைய மாட்டேன் என்கிறாய் என்று முடிக்கிறான். அவன் பேசப் பேச, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோஸ் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உதடுதான் தெரிகிறது, குரல் கேட்காது. நமக்கு இரண்டும். இந்த ஒரு ஷாட்டுக்காகவே இந்தப் படத்தைத் திரைப்படக் கல்லூரிகளில் போட்டுக்காட்டலாம். வெட்டு, குத்து, கூச்சல் ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடித் தகட்டின் இரண்டு பக்கமும் இரண்டு முகங்கள். படத்திலேயே பெரிய வன்முறை இதுதான் என்பேன்.

சரி, தட்டுக்கு வருவோம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கூண்டுகளில் பெரும்பாலும் புழங்கியது உலோகத் தகட்டின் மேலோ கெட்டி அட்டையின் மேலோ லாக்கர் என்ற மெருகுப் பூச்சு பூசிய தட்டு. கடையில் விற்ற ஷெல்லாக் இசைத்தட்டு கீழே விழுந்தால் உடையும். இது உடையாது, வளையும். ஆனால் மேல்பூச்சு மென்மையானது, நகம் பட்டாலே கோடு விழும். படத்தின் நடுவில் பிங்கி அந்தத் தட்டை ஒழித்துக்கட்டப் பார்க்கிறான், முடியாமல் போகிறது. கீறல் வந்தது அப்படித்தான். ஆக, கடைசிக் காட்சிக்கான விதையை முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். திடீரென்று வானத்திலிருந்து குதித்த அதிசயம் இல்லை.

‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று நாம் ஆளைத் திட்டுகிறோமே, அதன் இயக்கம் எளிது. தட்டில் இருப்பது வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே சுருண்டு போகும் ஒரே ஒரு பள்ளம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் மெல்லிய சுவர். கீறல் நேராக, மையத்தை நோக்கி விழுந்தால் சுற்றுக்கு ஒரு ‘டக்’ சத்தத்தோடு போய்விடும். சாய்வாக விழுந்து அந்தச் சுவரை உடைத்தால்தான் ஊசி பழைய சுற்றுக்கே வழுக்கித் திரும்பும். அப்போது நாம் திரும்பத் திரும்பக் கேட்பது சரியாக ஒரு சுற்றில் அடங்கிய ஒலி. நிமிஷத்துக்கு 78 சுற்று என்றால் ஒரு சுற்று 0.77 விநாடி. நீங்களே கடிகாரத்தை வைத்துக்கொண்டு ‘ஐ லவ் யூ’ என்று இயல்பான வேகத்தில் சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். உருகி உருகி இழுத்துச் சொன்னால் அடங்காது. ஆனால் பிங்கி உருகும் ரகம் இல்லையே. அந்த மூன்று சொல் ஒரு சுற்றில் அடங்குவது சாத்தியமா என்றால் தாராளமாகச் சாத்தியம். எங்கு வேண்டுமானாலும் சிக்கியிருக்கக்கூடிய ஊசி சரியாக அங்கே போய்ச் சிக்கியதுதான் நாடகம். அந்த அளவு சலுகையைக் கதை சொல்பவனுக்குக் கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று, தொழில்காரன் கண்ணில் மட்டும் படுவது. அந்தக் காலத்து கிராமஃபோன் ஊசி எஃகு, தலை கனமானது. லாக்கர் தட்டில் அதை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குரலைச் சுரண்டி எடுத்துவிடும். ஊசி ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டு நிமிஷக்கணக்கில் சுழன்றால் அந்தச் சுற்றுத்தான் முதலில் தேயும். ரோஸ் தினமும் அதைப் போட்டுக் கேட்கும் பெண்ணாக இருந்தால், அவளுக்குப் பிடித்த அந்த மூன்று சொல் சீக்கிரமே வெறும் இரைச்சலாகிவிடும். திட்டும் வசவும் கொஞ்சமும் தேயாமல் பக்கத்துச் சுற்றுகளில் புத்தம் புதிதாக இருக்கும். கதை எழுதியவர்கள் இதை யோசித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பௌதிகம் அப்படி.

இப்போது நாவல். கிரஹாம் கிரீன் 1938-ல் எழுதியது. அதில் பிங்கி சாவது படத்தில் வருவது போலக் கடற்பாலத்தில் இல்லை, ஊருக்கு வெளியே பீஸ்ஹேவன் என்ற இடத்தில். அவன் கையில் இருந்த அமிலக் குப்பி உடைந்து அவன் முகத்திலேயே கொட்ட, எரிச்சலில் ஓடிப் பாறை விளிம்பைத் தாண்டி விழுகிறான். பிறகு ரோஸ் ஒரு வயசான பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாள். தற்கொலை செய்துகொண்டால் நரகம் என்று நம்பும் கத்தோலிக்கப் பெண் அவள். அவன் போகும் நரகத்துக்கே நானும் போகத் தயாராக இருந்தேன், போகாமல் பிழைத்துக் கிடக்கிறேனே என்பதுதான் அவளுடைய வருத்தம். இறைவனின் இரக்கம் நம் அறிவுக்கு எட்டாதது என்கிறார் பாதிரியார். அவன் உன்னை நேசித்திருந்தால் அவனிடமும் ஏதோ நல்லது இருந்தது என்றுதானே அர்த்தம் என்றும் சொல்கிறார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடக்கிறாள். தட்டைப் போட்டுக் கேட்கப் போகிறாள். இனிமேல்தான் எல்லாவற்றையும் விடக் கொடியது காத்திருக்கிறது என்று சொல்லி கிரீன் பேனாவை மூடிவிடுகிறார். அவள் கேட்பதை நாம் பார்ப்பதில்லை. பாதிரியாருடைய அந்த ‘நேசித்திருந்தால்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தட்டு சொல்லப்போகும் பதில் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அங்கேயே நிறுத்திவிட்டார்.

ஆக உங்கள் நண்பர் பாதி சரி. முடிவு மாறியிருக்கிறது. ஆனால் பழியைச் சென்சார் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரைக்கதையில் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. ஒன்று டெரன்ஸ் ராட்டிகன், அப்போதே பெயர் வாங்கிய நாடகாசிரியர். இன்னொன்று கிரீனே. இயக்கியது ஜான் போல்ட்டிங், தயாரித்தது அவருடைய இரட்டைச் சகோதரர் ராய். எந்த வரி யாருடையது, எந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று பிரித்துச் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது நல்லது. சினிமாக்காரர்கள் பல வருஷம் கழித்து நினைவிலிருந்து சொல்வது எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகம் வேண்டாம். பிற்காலத்தில் கிரீன் இந்த முடிவைக் கைகழுவவில்லை, பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு நியாயமும் சொன்னார். சுப முடிவு வேண்டும் என்பவர்கள் சுப முடிவு கிடைத்த திருப்தியோடு போகலாம், கொஞ்சம் யோசிப்பவர்களுக்கோ அடுத்த முறை ரோஸ் ஊசியைக் கீறலுக்கு அப்பால் தள்ளி வைத்து முழுசையும் கேட்டுவிடுவாள் என்று தெரியும், என்பது அவர் வாதம். இது வெறும் சப்பைக்கட்டு இல்லை. வீட்டில் கிராமஃபோன் இருந்த எந்தக் குழந்தைக்கும், ஊசி சிக்கினால் தலையை விரலால் லேசாகத் தட்ட வேண்டும் என்று தெரியும். 1947-ல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களின் விரல் தானாகவே துறுதுறுத்திருக்கும். செல்போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அது முடிந்துபோன விஷயமாகப் படுகிறது.

எழுத்தாளர் கறார், சினிமாக்காரர்கள்தான் இனிப்புத் தடவுவார்கள் என்ற நம்முடைய பொதுப் புத்தியும் கிரீன் விஷயத்தில் எடுபடாது. இரண்டே வருஷம் கழித்து வந்த ‘தி தேர்ட் மேன்’ படத்தில் நடந்தது நேர் எதிர். கல்லறைத் தோட்டத்துப் பாதையில் நாயகனும் நாயகியும் கைகோத்துப் போவது போல முடிக்கலாம் என்றவர் கிரீன். கூடாது என்று மறுத்தவர் இயக்குநர் கரோல் ரீட். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நீண்ட பாதையில் நடந்து கடந்து போகும் அந்தப் புகழ்பெற்ற முடிவு ரீடின் பிடிவாதத்தில் வந்தது. ரீட் செய்ததே சரி என்று கிரீன் பிறகு எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆக, மனுஷர் இனிப்புக்கு அவ்வளவு விரோதி இல்லை.

அப்படியானால் உங்களுக்கு ஏன் ஏமாற்றப்பட்டது போல இருந்தது? என் பார்வையில் குற்றவாளி ஊசி இல்லை. அந்தக் காட்சியை மறுபடி போட்டு, தட்டு சிக்கிய பிறகு வரும் சில விநாடிகளை மட்டும் பாருங்கள். கேமரா ரோஸை விட்டு நகர்ந்து சுவரில் மாட்டியிருக்கும் சிலுவையை நோக்கிப் போகிறது. இசை எழும்புகிறது. பக்கத்தில் கன்னியாஸ்திரீ வேறு. ‘ஐ லவ் யூ’ என்பது பிங்கியின் வாயிலிருந்து நழுவி, மேலே இருந்து வரும் வாக்கு மாதிரி ஆகிவிடுகிறது. திரைக்கதையில் இருந்தது ஒரு விபத்து, ஒரு கீறல். திரையில் அதற்கு ஒளிவட்டம் மாட்டிவிட்டார்கள். நான் அந்த ரீலை முடித்திருந்தால் இசையை அடியோடு எடுத்துவிட்டு, ஊசி சுற்றுக்கு ஒரு முறை தடுக்கும் அந்த ‘டக்’ சத்தத்தை மட்டும் விட்டிருப்பேன். சிலுவையையும் காட்டியிருக்க மாட்டேன். மற்றபடி, கடவுளின் இரக்கம் ஒரு கீறல் வழியாகக்கூட வரும் என்று அதை வாசிப்பவர்களும் உண்டு. கத்தோலிக்க நண்பர் ஒருவர் என்னோடு இதில் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறார். அவர் வாதத்தை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. அவளைக் காப்பாற்ற ஒரு பொய் தேவைப்பட்டது, பொய்யைக் கூடச் சொல்லாத பையனிடமிருந்து அது எப்படியோ கிடைத்தது என்பார்.

உண்மையிலேயே பூசி மெழுகிய இடம் வேண்டுமானால் படத்தின் கடைசியில் தேடாதீர்கள், தொடக்கத்தில் பாருங்கள். பெயர்கள் முடிந்ததும் ஓர் அறிவிப்பு வரும். இன்றைய பிரைட்டன் லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய குதூகலமான ஊர், போர்களுக்கு நடுவே இருந்த சந்துகளும் சேரிகளும் கும்பல் சண்டைகளும் கொண்ட அந்த இன்னொரு பிரைட்டன் இப்போது இல்லை என்று. நல்ல வேடிக்கை. படம் எடுக்கப்பட்டது 1947-ன் நிஜமான பிரைட்டன் தெருக்களில், நிஜக் கூட்டத்துக்கு நடுவில். ஒளிப்பதிவாளர் ஹாரி வாக்ஸ்மன். ஃப்ரெட் உயிருக்குப் பயந்து ஓடும் அந்த முதல் துரத்தலில் தெரியும் சந்துகள் எல்லாம் ‘இப்போது இல்லை’ என்று சொல்லப்பட்டவையே. குதிரைப் பந்தய மைதானங்களில் புக்கிகளை மிரட்டிப் பணம் பறித்த கும்பல்கள் கிரீனின் கற்பனை இல்லை. 1936-ல் பக்கத்து ஊரான லூயிஸ் பந்தய மைதானத்தில் நடந்த பெரிய அடிதடி நீதிமன்றம் வரை போனது. படத்தில் சொகுசு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கும் பெரிய தாதா கொலியோனிக்கு மூலம் சாபினி என்ற நிஜ ஆள் என்று பலரும் சொல்கிறார்கள். அது நம்பத்தகுந்த ஊகம், அதற்கு மேல் போக வேண்டாம்.

போர் முடிந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களில் பிரிட்டனில் இந்த மாதிரிப் படங்கள் வரிசையாக வந்தன. ரேஷன், கள்ளச்சந்தை, அகலக் காலர் கோட்டுப் போட்ட தெருமுனைத் தரகர்கள் என்று ஊரே அப்படி இருந்தது. தலைப்பில் இருக்கும் ‘ராக்’ என்பது கடற்கரைக் கடைகளில் விற்கும் கெட்டியான மிட்டாய்க் குச்சி. எங்கே கடித்தாலும் உள்ளே ஊர்ப் பெயர் இருக்கும். மனுஷர்களும் அப்படித்தான், மாறவே மாட்டார்கள் என்று நாவலில், ஃப்ரெட் சாவுக்கு நியாயம் தேடி அலையும் ஐடா என்ற பெண் அதை வைத்துச் சொல்வாள். படம் வெளியானபோது அந்த மிட்டாயே ரேஷனில்தான் கிடைத்தது. இவ்வளவு குரூரம் எதற்கு என்று ‘டெய்லி மிரர்’ விமர்சகர் கடுமையாகத் தாக்கினார், கிரீன் அதே பத்திரிகைக்குப் பதில் எழுதினார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இது பயந்து பயந்து எடுத்த படமாகத் தெரியவில்லை.

பிங்கியாக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ என்பதைச் சொன்னால் நம் ஊரில் பலர் நம்ப மாட்டார்கள். 1982-ல் ‘காந்தி’ படத்தை இயக்கியவர், சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் ஜெனரல் அவுட்ரமாக வந்தவர், ‘ஜுராசிக் பார்க்’ தாத்தா. அதே ஆள்தான். 1943-ல் லண்டன் மேடையிலும் அவர்தான் பிங்கி. கையில் ஒரு நூலை வைத்துக்கொண்டு விரல்களுக்கு நடுவே பின்னிப் பின்னிப் பிரிப்பார் பாருங்கள், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கேமரா அந்த விரல்களுக்குக் கிட்டே போகும்போதெல்லாம் அடுத்து யாருக்கோ ஆபத்து என்று நமக்கு உள்ளூரப் புரியும். கும்பலில் கொஞ்சம் மனசாட்சி மிச்சமிருக்கும் டாலோவாக வருபவர் வில்லியம் ஹார்ட்னல். 1963-ல் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முதல் டாக்டர் இவர்தான். ரோஸாக வரும் கரோல் மார்ஷ் நடிப்பைச் சிலர் அப்பாவித்தனம் அதிகம் என்பார்கள். கண்ணாடிக் கூண்டுக் காட்சியில் அந்த அப்பாவித்தனம் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

2010-ல் ரோவன் ஜோஃபி கதையை 1964-க்கு நகர்த்தி மறுபடி எடுத்தார். அவர் நினைத்திருந்தால் நாவலின் முடிவுக்கே போயிருக்கலாம், தடுக்க யாரும் இல்லை. அவரும் சிக்கிய தட்டையேதான் வைத்துக்கொண்டார். சென்சார் வாதத்துக்கு இதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். படமாக, பழையதற்குப் பக்கத்தில் நிற்காது.

நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். படியுங்கள், ஆனால் முதல் பத்துப் பதினைந்து பக்கத்தில் பெயர்கள் குழப்பும். ஹேல், ஃப்ரெட், போட்டிக்காக அவர் வைத்துக்கொண்ட கோலி கிப்பர், மூன்றும் ஒரே ஆள். கைட் என்று அடிக்கடி வருகிறவன் கதை ஆரம்பிக்கும் முன்பே செத்துப்போன பழைய தலைவன். அவன் எப்படிச் செத்தான் என்பது 1936-ல் கிரீன் எழுதிய ‘எ கன் ஃபார் சேல்’ நாவலில் போகிற போக்கில் வருகிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.